பதினொரு நிமிடக் கூட்டம்

பார்வையற்ற பெண்கள் விடுதிக்கு மூன்று மாத வேலை என்று வந்தவள், பத்தொன்பது வருடம் அங்கேயே வேர்விட்டுவிட்டாள். அங்கிருந்த பதினெட்டுப் பெண்களுக்கு அவள் அக்கா. ஆட்சிக்குழுவின் ஏழு பேருக்கு மேலாளர்.

அந்த ஏழு பேரைக் கட்டி மேய்ப்பது லேசான காரியமா? முதல் வருடம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக நாலு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார்கள். அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. கூட்டத்துக்கு முந்தைய வாரமே ஒவ்வொருவர் வீட்டுப் படியும் ஏறிவிடுவாள். கோபம், சந்தேகம் எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுத் தீர்த்துவிட்டால், கூட்டத்தில் தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி. எதற்கும் "ஆனாலும்..." என்று ஆரம்பிக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுக்கு மட்டும் இரண்டு நடை. கூட்டம் சீக்கிரம் முடிந்தால் நல்ல சேதி என்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும்.

புதுத் தலைவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவை நானே எல்லார்கிட்டயும் பேசிக்கிறேம்மா, நீங்க அலைய வேண்டாம்" என்றார். பெரிய மனசு என்று நினைத்தாள், பாவி. புதுக் குளியலறை விஷயமாகத்தான் இருக்கும் என்று விடுதியிலும் சொல்லிவைத்தாள்.

கூட்டம் கூடியதும் தலைவர் தாளை எடுத்து வாசித்தார். கட்டடம் பழசு, மூடிவிடலாம். பெண்களை மூன்று ஊர் விடுதிகளுக்குப் பிரித்து அனுப்பலாம். அவள் சுற்றிப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை.

வாத்தியாரைப் பார்த்தாள். அந்த "ஆனாலும்" என்ற வார்த்தையை எத்தனை தடவை சபித்திருப்பாள்! இன்று அதற்காகத் தவம் கிடந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், அதுங்க இந்த வீட்ட அடி எண்ணி எண்ணிப் பழகியிருக்குதுங்க. ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்குதுங்க. பிரிச்சிடாதீங்க சார்."

"எல்லார்கிட்டயும் பேசியாச்சும்மா" என்றார் தலைவர், தன்மையாகவே.

'ஏகமனதாக' என்று குறிப்பேட்டில் எழுதியது அவள் கைதான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வெளியே வந்தாள். சமையல் பொறுப்பில் இருந்த பெண், நாற்காலிகள் நகர்ந்த சத்தம் கேட்டு, அடுப்படியிலிருந்து பன்னிரண்டு அடி வைத்து, சுவரைத் தொடாமல் நேராக அவளிடம் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா! அப்ப நல்ல சேதிதான?"