புதனில் கட்டாத முனைகள்

பரீட்சை காலை பத்து மணிக்கு. நான் கிண்ணியா பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, சொல்வதா விடுவதா என்று என்னோடு நானே சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை எனக்கல்ல, என் சிநேகிதிக்கு. பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பௌதிகம் படித்தவர்கள் நாங்கள். கலாநிதிப் பட்டத்துக்கு அவள் புதன் கிரகத்தின் காந்தப்புலத்தை எடுத்தாள். நான் நகரத்தில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே அவளுடைய கணக்குகளுக்குத் துணை நின்றேன். அன்று வெளிநாட்டுப் பரீட்சகர்கள் கணினித் திரையில் வந்து அவளைக் கேள்வி கேட்கப்போகிறார்கள். தேறினால் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு அவள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் அந்த மாதத்தோடு முடிகிறது. தற்காலிக வேலையில் வருஷக்கணக்காக இழுபட்டவள் அவள்.

ஒரு கிரகத்தின் காந்தப் புலக்கோடுகள், பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவுக்குள் இருக்கும்போது, இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி நடந்துகொள்ளும். சூரியக் காற்று தட்டினால் அதிரும். தட்டும் வேகமும் கோட்டின் சொந்த மீடிறனும், அதாவது அது நொடிக்கு எத்தனை தடவை அதிரும் என்பதும், ஒத்துப்போனால் அதிர்வு பெருகும். அதுதான் பரிவு. அந்த மீடிறனை வைத்துக் கோட்டில் எவ்வளவு பிளாஸ்மா ஏறியிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் கோட்டின் இரண்டு முனைகளும் எப்படிக் கட்டுப்பட்டிருக்கின்றன என்று முதலில் தெரியவேண்டும். பூமியின் மேல்வளி மின்னை நன்றாகக் கடத்துவதால் முனைகள் இறுகி நிற்கும். புதனில் அப்படி ஒரு வளி இல்லை, முனைகள் இளகித்தான் கிடக்கும்.

எங்களுக்குள் ஒரு பழக்கம். எந்தக் கணக்கையும் இருவரும் தனித்தனியே கையால் போட்டுவிட்டுத்தான் ஒப்பிடுவோம். இந்த முனைகளை மட்டும் அப்படிச் செய்யவில்லை. கணினி நிரலை முதலில் பூமிக்கு எழுதிப் பார்த்தோம், விடை அழகாக வந்தது. பிறகு புதனுக்காகப் புலம், தூரம், அடர்த்தி எல்லாவற்றையும் மாற்றினோம். முனை பூமியின் முனையாகவே கிடந்தது. நான் பார்த்திருப்பேன் என்று அவளும், அவள் பார்த்திருப்பாள் என்று நானும் விட்டுவிட்டோம். அன்று விடிய அவளுடைய ஆய்வேட்டின் படங்களைக் கடைசியாகப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. கிடைத்த முதல் பஸ்ஸில் அவள் வீட்டுக்கு ஏறிவிட்டேன்.

அவள் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்னடி, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"நாங்க முனையை மாத்தேல்ல."

எந்த முனை என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள்.

"நாலாம் அத்தியாயம் முழுக்கப் பிழை," என்றாள்.

"அவங்க கேக்காட்டி விட்டிடலாம்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

"இதை நீ நாளைக்குச் சொல்லியிருக்கலாம். தெரியாம இருந்திருந்தா நான் பொய் சொல்லாமலே பாஸாகியிருப்பன்."

அவள் சொன்னது நியாயம். பஸ்ஸில் ஏறிய என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

பரீட்சை நடக்கும்போது நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அவர்கள் புலத்தைக் கேட்டார்கள், அடர்த்தியைக் கேட்டார்கள். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். முனைகளை ஒருவரும் தொடவில்லை. முடிவில் ஒருவர், வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று மரியாதைக்குக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிடு, இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

இருக்கிறது என்று சொல்லி, பிழையை விளக்கத் தொடங்கினாள்.

பரீட்சகர்கள் தனியே பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். நல்லவிதமாகத்தான் கதைத்தார்கள். அந்த அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டுமாம். அதற்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். விண்ணப்பத் திகதி அதுவரை நிற்காது.

அவள் குசினிக்குள் போய் இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்தாள். பிறகு இரண்டு வெள்ளைத்தாள் எடுத்தாள்.

"நீ அந்தக் கதிரையில இரு. நான் இங்க இருக்கிறன். முனையை இளக்கிக் கணக்கைப் போடுவம். பாக்கக் கூடாது."

தேநீர் ஆறிப்போகும்வரை போட்டோம். தாள்களைப் பக்கத்தில் வைத்தபோது இரண்டிலும் ஒரே விடைதான், ஆய்வேட்டில் இருந்ததற்குக் கிட்டவும் வராத விடை. அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டாள்.

"ஓம், சரியா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழத் தொடங்கினாள்.