அத்தான் சமைத்த நாட்கள்

அக்காவுக்கு மாதவிடாய் நின்ற ஆண்டு வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்த வைகாசியில்தான் அவர் முதன்முறையாகத் திகதி பாராமல் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்த்தி வைத்தார். அதற்கு முன் எத்தனையோ தடவை பானையும் அரிசியும் ஆயத்தமாக இருக்க, துடக்கென்ற மாதத் தீட்டு வந்து அவரை மறித்திருக்கிறது. "இனி எனக்கும் அம்மாளுக்கும் இடையில ஒருத்தரும் இல்லை" என்றபடி உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்.

சில ஆண்டுகள் அப்படிப் போயின. பிறகு ஒரு தை மாதம் அவருக்கு மறுபடி இரத்தம் பட்டது. நாங்கள் அப்போது கிளிநொச்சியில் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தோம்.

அக்கா பயப்படவில்லை. பழைய வழக்கப்படி பாயையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு விறாந்தை ஓரத்தில் ஒதுங்கினார். சமையலும் குசினியும் அத்தானிடம் போயின. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அவர் வைத்த சொதியில் உப்பைத் தவிர எல்லாம் இருந்தது.

"திரும்ப வந்திருக்கெண்டா இளமை திரும்புதெண்டுதானே?" என்றார் அக்கா.

"உனக்கு இளமை. எனக்குச் சட்டி கழுவுற வேலை."

நானும் சிரித்தேன். இரத்தம் ஒரு நாள் பொட்டாகப் பட்டு நின்றது. பின்னர் மண்ணிறமாகக் கொஞ்சம். மாதக் கணக்கு எதற்கும் அது பொருந்தவில்லை. ஒவ்வொரு முறையும் அக்கா ஒதுங்கி, முழுகி, குசினிக்குத் திரும்பினார். வழக்கத்தை அவ்வளவு ஒழுங்காகக் கைக்கொண்டதால், அது நோயாக இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவமாது தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். அத்தான் கத்தரிக்காயைக் கருக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா ஏன் சமைக்கிறார்?"

அக்கா பெருமையாகக் காரணத்தைச் சொன்னார். மருத்துவமாது சிரிக்கவில்லை. "நிண்டு வருசக் கணக்காச்செண்டா, பிறகு வாறது மாதவிடாய் இல்லை அக்கா. ஒரு பொட்டெண்டாலும் டொக்டரிட்டக் காட்டவேணும்."

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் கருப்பையின் உட்படலத்தில் சிறிது சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். எடுத்த மாதிரி இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தெற்கே போகவேண்டும்; முடிவும் அதே வழியில் திரும்பி வரவேண்டும்.

காத்திருந்த நாட்களில் அக்கா ஒதுங்கவில்லை. ஆனாலும் அத்தான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. இப்போது சொதியில் உப்புச் சரியாக இருந்தது.

வைகாசிப் பொங்கலுக்குச் சற்று முன் முடிவு வந்தது.

"புற்றுநோய் இல்லை" என்றார் டொக்டர். "முந்தி மாதாமாதம் தடிச்சு உதிர்ந்த படலம் இது. இப்ப ஹோர்மோன் சுரப்புக் குறைஞ்சு மெலிஞ்சு போச்சுது. மெலிஞ்சா லேசாக் கசியும். சிலபேருக்கு நேர்மாறாத் தடிக்கும், அதுக்குத்தான் பயந்தனாங்கள். திரும்பப் பட்டா கட்டாயம் வாங்கோ."

"அப்ப இது துடக்கில்லையோ, டொக்டர்?"

"நான் படிச்சதில துடக்கெண்டொரு பாடம் இல்லை அம்மா. இது மெல்லிய தோல் கசியிறது."

அக்கா யோசித்தார். "முழங்கால் உரஞ்சி ரத்தம் கசிஞ்சா நாங்கள் கோயிலுக்குப் போகாம விடுறேல்லைத்தானே."

பொங்கலன்று காலை, உழவு இயந்திரம் வாசல் படலையடியில் நிற்க, என்னைத் தனியே கூப்பிட்டார். "விடிய ஒரு பொட்டுப் பட்டது. புதன்கிழமை டொக்டரிட்டப் போவம். இப்ப பானையைப் பிடி."

ஏறிவிட்டார்.

வற்றாப்பளையில் எங்கள் பானை பொங்கி வழிந்தபோது அத்தான் பழக்க தோஷத்தில் அகப்பைக்குக் கை நீட்டினார்.

"அங்கால போய் இருங்கோ" என்றார் அக்கா. "உங்கட குசினி வீட்டில கிடக்கு."