செவ்வாய்க்குப் போன பையனுக்குப் பசி

விஞ்ஞானப் படங்களில் வரும் பிள்ளைகளைப் போல வெறுப்பேற்றும் பிறவிகள் உலகத்தில் கிடையாது. பத்து வயசுகூட ஆகியிருக்காது. தலையை எண்ணெய் வழிய வாரிக்கொண்டு வந்து நிற்கும். இருபது விஞ்ஞானிகள் தாடியைச் சொறிந்துகொண்டு நிற்கிற கரும்பலகையில் போய் ஒரு கோடு போடும். இருபது பேரும் வாயைப் பிளப்பார்கள். ராக்கெட் கிளம்பினால் உள்ளே சாக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்ததும் யாராவது முதுகில் நாலு வைப்பார்கள் என்று பார்த்தால், அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வழி கேட்பார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால் குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அதன் காது இரண்டும் பழுத்திருக்கும். ஒரு காதை நானே கவனித்திருப்பேன்.

இந்தப் பிள்ளைகளை எப்படி வெறுக்க வேண்டும் என்று எங்கள் பேட்டையான ஸ்ரீராம்புரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவள் பெர்னதெத். எல்லாரும் அவளை ஆயாம்மா என்பார்கள். நாற்பத்தைந்து வயசிருக்கும். வெள்ளைப் புடவை, தோளில் சிலுவை போட்ட ஊசி, யாரையும் மனுஷனாக மதிக்காத ஒரு மூக்கு.

எங்கள் தகரக் கொட்டகையில் சனி, ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார்கள். கன்டோன்மென்ட் தியேட்டர்களில் ஓடி, தேய்ந்து, நடுநடுவே மழை பெய்கிற பழைய பிரதிகள். தரையிலும் பெஞ்சிலும் உட்காருகிற எங்கள் ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மூங்கில் கோலோடு நின்றுகொண்டு, இவன் யார், என்ன சொல்கிறான் என்று தமிழில் கதை சொல்லிக்கொண்டே வரவேண்டும். முன்பு கதை சொல்லிக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் குடித்துவிட்டுக் கோலால் திரையைக் குத்திக் கிழித்துவிட்டான். மானேஜர் சந்தானம் சுற்றுமுற்றும் பார்த்தார். பொம்பளைகள் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பெர்னதெத்துக்கு இங்கிலீஷ் வரும் என்று யாரோ சொன்னார்கள். கோல் அவள் கைக்கு வந்தது.

வரும்தான். ஆனால் அது ஒரு தனி இங்கிலீஷ். ரிச்மண்ட் டவுனில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் அவள் ஏழு வருஷம் ஆயாவாக இருந்தாள். நாற்பத்தேழில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகும்வரை அந்த வீட்டுப் பையனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தாள். பாலைக் குடி, கையைக் கழுவு, பொய் சொல்லாதே, அழக்கூடாது, கண்ணை மூடு: அவளுடைய இங்கிலீஷ் மொத்தமும் இதுதான். சின்னப் பிள்ளைகள் பேசினால் ஒரு எழுத்து தப்பாது. பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் அவளுக்கு அது சுவரில் பந்தடிக்கிற சத்தம்.

அதனால் படத்தில் பெரியவர்கள் வரும் இடமெல்லாம் அவள் இஷ்டம். ஆகாசப் படத்தை விரித்து வைத்து ஒரு கிழவர் அரை மணி விளக்குவார். ஆயாம்மா கோலைத் தூக்குவாள்.

"கீழ ஜனம் ஜாஸ்தியாயிடுச்சாம். ஒரு நடை மேல போயி எடம் பாத்துட்டு வரலாம்ங்கறாரு."

விண்கற்கள் சீறிக்கொண்டு வரும்.

"கல்லு வுடறாங்க. யாருன்னு தெரியல. மேலத் தெரு பசங்களா இருக்கும்."

அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததும் அவள் குரல் மாறும். "கேளுங்கடி இத! அப்பன்காரனப் பாத்து, உனக்குக் கணக்குத் தெரியலங்குது. அப்பனும் சிரிக்கிறான் பாரு, பல்ல. ஏழு வருஷம் புள்ள வளத்தவ சொல்றேன், இது உருப்படாது."

"குடு ஆயாம்மா ரெண்டு!" என்று பொம்பளைகள் பெஞ்சு எழும்பும். தமிழ்ப் படத்தில் குழந்தை அழுதால் நெட்டி முறித்துத் திருஷ்டி கழிக்கிற அதே கைகள், இந்த ராக்கெட் பிள்ளைகள் மேல் வேர்க்கடலைத் தோலை வீசும். இரண்டாவது பெஞ்சு சந்திரம்மா தோலை வீட்டிலிருந்தே முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். பெர்னதெத் அந்தத் திட்டுகளின் நடுவில் கோலோடு நிற்கிறபோது பார்க்க வேண்டும். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் இல்லை அப்போது. முந்நூறு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு மத்தியானங்களுக்காகத்தான் அவள் மற்ற ஐந்து நாளும் சோறு தின்றாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவள் வளர்த்த பிள்ளையைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். "அது ஒரு ரவுடி. பாலப் பூந்தொட்டில ஊத்தும்" என்றாள். அப்புறம் அவர்கள் கிளம்பின கதையைக் கேட்டேன். "பொட்டி மட்டும் பதினாலு. நான்தான் எண்ணி ரயில்ல ஏத்துனேன்" என்றாள். பெட்டிகளின் நிறம், பூட்டு, கயிறு எல்லாம் சொன்னாள். பிள்ளை எந்தப் பக்கம் உட்கார்ந்தது என்று சொல்லவில்லை.

ருஷ்யாக்காரன் நாயை மேலே அனுப்பின மறு வருஷம் எங்களுக்குச் சனி பிடித்தது. வெங்கடகிருஷ்ணன் என்ற ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் ஒரு சனிக்கிழமை தெரியாமல் எங்கள் கொட்டகைக்குள் வந்துவிட்டார். இடைவேளையில் சந்தானத்தின் அறைக்குள் புகுந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே கடலை தின்றுகொண்டிருந்தேன்.

"என்ன ஓய் இது அநியாயம்! புவியீர்ப்பு போயிடுத்துன்னு அவன் சொல்றான். இந்த அம்மா, மெத்தையில பேய் புகுந்துடுத்துங்கறா. முந்நூறு பேர் நம்பறா! தேசம் எப்படி ஓய் முன்னேறும்?"

"ஜனங்க சந்தோஷமா இருக்காளே சார்" என்றார் சந்தானம்.

"நான் சொல்றேன். நாளையிலேர்ந்து நானே வந்து சொல்றேன். ஒரு பைசா வேண்டாம்."

ஒரு பைசா வேண்டாம் என்ற வார்த்தையில் சந்தானத்தின் முகம் கனிந்ததை ஜன்னல் வழியாகவே பார்த்தேன். பெர்னதெத்தைக் கூப்பிட்டார். அவள் வாத்தியாரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ராக்கெட்டு எப்படிப் போனா எனக்கு இன்னா சார்? அதுக்குள்ள ஒரு புள்ள கீது. அது பேசறதுல நான் தப்பினது உண்டா, கேளுங்க."

வாத்தியார் நேர்மையான மனிதர். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். "குழந்தை பேசினது சரியாத்தான் சொன்னா" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்போ அடுத்த வாரம் வாங்க. டார்ச்சு எடுத்துக்கினு வாங்க. பெரியவங்க பேச்சுல நான் தப்புனா மன்னிச்சு வுட்டுடுங்க. புள்ள பேச்சுல ஒண்ணே ஒண்ணு தப்புனா லைட்ட அடிங்க. அந்த நிமிசமே கோல உங்க கைல குடுத்துட்டு பழையபடி வாசக் கேட்டுக்குப் போறேன். நீங்க போன்னு சொல்ல வேணாம்."

சந்தானம் தலையாட்டினார். வாத்தியாரும் தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை வந்த படம் செவ்வாய்க் கிரகத்துப் படம். அதில் வந்த பையன் இதுவரை வந்ததிலேயே மோசம். அம்மா இல்லாத பிள்ளை. அப்பா ராக்கெட் கட்டுகிறவர். வழக்கம்போல ஒளிந்துகொண்டு போய்விட்டது. செவ்வாயில் ஓர் இரும்பு மனிதன் இருந்தான். பீப்பாய்க்குக் கை கால் வைத்த மாதிரி உருவம். பையனுக்குக் காவல் அவன்தான். தூக்கிக்கொண்டு நடப்பான், குளிரில் போர்த்திவிடுவான், பையன் தூங்கும்போது பக்கத்தில் நிற்பான். பெர்னதெத் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டாள்.

"இது ஆயா. இரும்பு ஆயா. மேல ஊர்ல இப்படித்தான் வெச்சிருக்காங்க. சம்பளம் கேக்காது பாரு."

கொட்டகை அதிர்ந்தது. பையன் இரும்பு ஆயாவை உதைத்தான், முட்டாள் தகரம் என்று திட்டினான், சோற்றைத் தட்டிவிட்டான். ஒவ்வொன்றையும் அவள் அட்சரம் பிசகாமல் சொன்னாள், கூடவே தன் பங்குக்குத் திட்டினாள். மூன்றாவது வரிசை ஓரத்தில் வாத்தியார் டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் பேச்சில் அவள் அண்டப்புளுகு புளுகியபோதெல்லாம் அவர் உடம்பு முறுக்கிக்கொண்டது. லைட் எரியவில்லை. சந்திரம்மாவின் முந்தானை பாதியிலேயே காலியாகிவிட்டது.

கடைசி ரீல். கிரகம் வெடிக்கப் போகிறது. ராக்கெட் கிளம்ப வேண்டுமானால் யாராவது வெளியே நின்று ஒரு பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரும்பு மனிதன் இறங்கிப் போனான். பையனை உள்ளே கட்டிப்போட்டிருந்தார்கள். அவன் எப்படியோ அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து வட்டக் கண்ணாடியில் கையை வைத்தான். வெளியே அந்தப் பீப்பாய் நிற்கிறது. பையன் மூக்கை உறிஞ்சினான். அப்புறம் பேசினான்.

கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் நான் ஆறாவது வரை இருந்தேன். அதற்குமேல் அவர்களும் தாங்கவில்லை, நானும் தாங்கவில்லை. அந்த ஆறாவது போதும் அவன் சொன்னது புரிய. கூட வா. இனிமேல் சமத்தாக இருப்பேன். நிஜமாகவே சமத்தாக இருப்பேன், கூட வந்துவிடு.

பெர்னதெத் கோலைத் தூக்கினாள். தூக்கினபடி நின்றாள்.

"இன்னா ஆயாம்மா சொல்லுது?" என்றாள் சந்திரம்மா. ஆம்பளைகள் பக்கத்திலிருந்து ஒருவன், "தொர அழுவுறாருடோய்!" என்று ஆரம்பித்தான். சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பியது.

"பசிக்குதாம்" என்றாள் பெர்னதெத்.

ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"காத்தாலருந்து ஒண்ணும் சாப்புடலயாம். பசிக்குதுங்குது."

"அடப் பாவிங்களா" என்றாள் சந்திரம்மா. "அவ்ளோ தூரம் இட்டுக்கினு போறவங்க ஒரு பிடி சோறு கட்டிக்கினு போக மாட்டாங்களா?" அவள் கை காலி முந்தானைக்குள் போய், மூலையில் தங்கிவிட்ட ஒரு கடலைப் பருப்பைத் தேடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது.

அப்போது டார்ச் எரிந்தது. நேராகப் பெர்னதெத்தின் முகத்தில்.

"இல்லை!" வாத்தியார் எழுந்து நின்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான். "குழந்தை அப்படிச் சொல்லலை. கூட வா, இனிமே நான் சமத்தா இருப்பேன்னு அந்த யந்திரத்துகிட்ட சொல்றான்!"

தகரக் கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். "சமத்தாம்டா!" "டப்பாவுக்கு ஒரு முத்தா குடு கண்ணு!" "தொடச்சி வுடுங்கடா, தகரம் துரு புடிச்சிடும்!" ஊர்க் கடலைத் தோல் எல்லாம் பையன் மூஞ்சியில் விழுந்தது. அடுத்து இரும்பு மனிதன் தீயில் உருகியதை யாருமே பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். என் வாய் அப்படிப்பட்டது, கூட்டத்தோடு போய்விடும்.

படம் முடிந்து வெளிச்சம் வந்ததும் பெர்னதெத் நேராக வாத்தியாரிடம் வந்து கோலை நீட்டினாள்.

"ஒரு வார்த்தைதானேம்மா. காதுல சரியா விழுந்திருக்காது" என்றார் வாத்தியார். அவருக்கே சங்கடம்.

"அதானே, ஒரு வார்த்தை" என்று சந்தானமும் சேர்ந்துகொண்டார்.

"காதுல விழுந்துச்சு" என்றாள் அவள். "சொன்னது சொன்னதுதான். புடிங்க."

நான் பின்னாலேயே பொம்பளைகள் வாசலுக்குப் போனேன். "ஆயாம்மா, அந்தச் சனியன் பசிக்குதுன்னு சொல்லவே இல்லியே. உனக்குத் தெரியும். ஏன் புளுகுன?"

"தெரியும். போடி."

"ஏன்?"

அவள் கிழித்த டிக்கெட்டுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "அது சொன்னதச் சொன்னா இந்தக் கழுதைங்க சிரிக்கும். பசின்னு சொன்னா இந்த ஏரியாவுல ஒருத்தன் சிரிக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை கோல் வாத்தியார் கையில் இருந்தது. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். செவ்வாய் எவ்வளவு தூரம், அங்கே காற்று ஏன் இல்லை, இரும்பு மனிதனின் உள்ளே என்ன கம்பிகள். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். பையனைத் திட்டக்கூட ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆனால் கடைசி ரீல் வந்ததும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நேற்றுப் பார்த்தவர்கள் பக்கத்து ஆளை இடித்து, "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்றார்கள்.

நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன். பையன் அப்போதுதான் கண்ணாடிக்கு ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் என் மூச்சு தீர்ந்துபோனது. வாத்தியார் பொறுமையாகக் காத்திருந்து, பையன் பேசி முடித்ததும் அந்த வார்த்தைகளை அழகாக எடுத்துச் சொன்னார். சிரிப்பு நேற்றைவிட ஜாஸ்தி.

இருட்டில் ஒரு கை வந்து என் காதைப் பிடித்தது. பெர்னதெத் என்னை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டாள்.

"பொம்பள புள்ள விசிலடிக்குது! வெக்கமில்ல?"

"இல்ல."

காதை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதை விட மறந்துவிட்டாள் போல.

"சீக்கிரமா அடிச்சிட்டே" என்றாள். "மொதல்ல கண்ணாடில கைய வெப்பான். அப்பால ஒரு தடவ மூக்க உறிஞ்சுவான். அதுக்கப்புறம் ஆரம்பிக்கணும். வாத்தியார் முடிக்கற வரைக்கும் மூச்ச வுடக் கூடாது."

"அவ்ளோ நேரம் வராது ஆயாம்மா."

"வரும். அடுத்த வாரமும் இதே படந்தான் போடறாங்க" என்று சொல்லிவிட்டு என் காதை விட்டாள். "சனிக்கிழம சீக்கிரமா வா. மொத பெஞ்சுல ஒக்காரு."