பத்து வரை எண்ணுதல்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குக் காது ரொம்பக் கூர்மை. ஒரு தடவை ஏறி மேலே போய்க் கீழே வருவார். கண்ணை மூடிக்கொண்டு, "ஏழாவது மாடிக் கதவுல ஒரு உருளை தேஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதர், பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த சொந்த மனைவியின் இடது கால் எட்டு மாதமாகத் தரையில் உரசியதை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். காதில் விழத்தான் செய்தது. ஆனால் பழியைத் தூக்கி ஷூவின் தலையில் போட்டுவிட்டார், அவ்வளவுதான். புது ஷூவும் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு பேரும் ஓட ஆரம்பித்த கதையே ஒரு கூத்து. நாற்பத்திரண்டு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. காலையில் நடக்கச் சொன்னார்கள். நடக்கிறேன் என்று கிளம்பிப் போய்த் தெருமுனை டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டுத் திரும்பிய மனிதரைக் காவல் காக்கத்தான் மனைவி கூடப் போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்தில் கண்ணாடி பொருத்தும் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் உடம்பு. மூன்றே மாதத்தில் காவல் காக்க வந்தவள் முன்னால் ஓட, காவலில் இருந்தவர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். பிறகு பத்து கிலோமீட்டர், இருபத்தொன்று, நாற்பத்திரண்டு. விடுமுறை வந்தால் மலைப்பாதை. "நாய் துரத்தினா ஓடுறதுல ஒரு நியாயம் இருக்கு. உங்களை யாரு துரத்துறா?" என்று அவளுடைய தங்கை தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

எண்ணுகிற சட்டம் முதல் மலைப்பாதையிலேயே போடப்பட்டது. இறக்கத்தில் சரளைக்கல் வழுக்கி அவள் உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். விழுந்ததில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. இவர் பதறி ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஒரே இழு இழுத்தார் பாருங்கள், தோள்மூட்டு இறங்கிவிட்டது. மூன்று வாரம் தூளிக்கட்டு. கட்டோடு உட்கார்ந்தபடியே அவள் சட்டம் போட்டாள்.

"இனிமே நான் விழுந்தா தொடக் கூடாது. நின்ன இடத்துல நின்னு பத்து எண்ணுங்க. அதுக்குள்ள நானே எழுந்துடுவேன். பத்து ஆகியும் எழலைன்னா அப்ப வாங்க."

பத்து வருஷத்தில் இருவரும் எத்தனையோ முறை விழுந்தார்கள். ஒருவர் விழ, மற்றவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணுவார். அவர் விழுந்தால் அவள் வேண்டுமென்றே கடகடவென்று எண்ணி முடித்து, "தோத்தாச்சு, எழுந்திருங்க" என்பாள். பத்து வரை போக விட்டது அவர்தான். அவள் ஒரு தடவைகூட ஆறைத் தாண்டியதில்லை.

அதனால்தான் ஒரு நாள் காலையில் அந்த அசட்டுத்தனம் நடந்தது. அவள் சமையலறை வாசலில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு விழுந்தாள். பாதி முகம் சவரம் செய்த நிலையில் வெளியே வந்தவர், ஈரத்தில் கிடக்கிற மனைவியைப் பார்த்ததும் என்ன செய்தார்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தார். வேறு எந்தப் புருஷனாவது இப்படிச் செய்வானா? அவளும் சிரித்தாள். எட்டு வந்தது, ஒன்பது வந்தது. பத்தும் ஆயிற்று. அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"கால் சொன்ன பேச்சைக் கேக்கலீங்க" என்றாள்.

அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. பயிற்சி போதவில்லை என்று முடிவு கட்டினார். அவளும்தான் தலையாட்டினாள். அவரிடம் ஒரு நோட்டு உண்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் யாருக்கு எத்தனை நிமிடம் என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தது. அதைப் பார்த்து வாரத்துக்கு இரண்டு மேட்டு ஓட்டம் கூடுதலாகப் போட்டார். மேட்டில் அவள் பின்தங்கியபோது, "வரவர சோம்பேறி ஆயிட்ட" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். இதை இன்றைக்கு நினைத்தாலும் மனிதர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

கடையில் மூக்குக்கண்ணாடியின் கடுகளவு திருகாணி அவள் விரலிலிருந்து நழுவி நழுவி விழ ஆரம்பித்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், ஊசி வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு இவர் நோட்டை நீட்டினார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவங்க நேரம் எட்டு மாசமா ஏறிக்கிட்டே வந்திருக்கே. நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

"சோம்பல்னு நினைச்சேன், டாக்டர்."

தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் பிடித்திருந்தால் நின்றிருக்குமா என்று இவர் கேட்டார். நின்றிருக்காது என்றார் டாக்டர். அது ஆறுதலா தண்டனையா என்று அவருக்கு விளங்கவில்லை.

எதையாவது முடுக்கி, எண்ணெய் போட்டு, மாற்றி, சரிசெய்தே பழகிய கை சும்மா இருக்குமா? குளியலறையில் நான்கு கைப்பிடி அடித்தார். கதவுப் படியைச் செதுக்கித் தரையோடு தரையாக்கினார். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கைபட்டது, குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. மாலையில் அவள் படியேறும்போது ஒரு படி பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். "ஊருக்கெல்லாம் போடுறீங்க, நமக்கு ஒண்ணு போடுங்களேன்" என்பாள்.

மலைப்பாதைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது அவள்தான். தம்பதியர் பிரிவு, பத்து கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவரை ஒருவர் தாங்கினாலோ தூக்கினாலோ ஆட்டத்திலிருந்து வெளியே. தங்கை வந்து சண்டை போட்டாள்.

"மாமா, அக்காவுக்குத்தான் பிடிவாதம்னா உங்களுக்கு மூளை எங்க போச்சு?"

"நான் என்னம்மா பண்றது?"

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சோம்பேறின்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார்.

அவள் குறுக்கே வந்தாள். "அடுத்த வருஷம் கால் இருக்காது. இந்தத் தடவை என் கால்லயே போய்க் கோட்டைத் தாண்டிடறேன். அப்புறம் யாரு வேணா தூக்கிக்கோங்க."

போட்டியன்று அவள் கணுக்காலில் பட்டை, இரண்டு கையிலும் ஊன்றுகோல். எல்லோரும் ஓடிப்போன பிறகு அந்தப் பாதையில் இவர்கள் இருவர் மட்டும். முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒரு தடவை விழுந்தாள், நான்கு எண்ணுவதற்குள் எழுந்தாள். ஏழாவதில் இரண்டு தடவை. ஒன்பதாவதில் எட்டு வரை போயிற்று. தன்னை அறியாமலே அவருடைய எண்ணிக்கை மெதுவாகிக்கொண்டு வந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு பெருமூச்சு விடுவார், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே செருமுவார். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

கடைசித் திருப்பத்தைத் தாண்டியதும் எல்லைக்கோட்டின் மேல் காற்றடைத்த பெரிய சிவப்பு வளைவு தெரிந்தது. இருநூறு அடிகூட இருக்காது. கடிகாரத்தில் ஆறு நிமிடம் மிச்சம். அங்கேதான் அவள் முட்டி மடங்கி, ஊன்றுகோல் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக விழுந்தாள். அவருடைய கை தானாக முன்னால் வந்துவிட்டது.

"தொடாதீங்க" என்றாள் மண்ணில் முகத்தை வைத்தபடி. "எண்ணுங்க."

கையைப் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் கோத்துக்கொண்டார். உலகத்தில் எவனும் அத்தனை மெதுவாக எண்ணியிருக்க மாட்டான். பத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். அவள் முழங்கையை ஊன்றினாள். முழங்கை நடுங்கிச் சரிந்தது.

"பத்து" என்றார். சொல்லாமலே இருந்திருக்கலாம். "பத்து ஆயிடுச்சும்மா. நான் வரேன்."

"மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுங்க."

எண்ணினார். அவள் ஒரு முழங்காலை மடக்கினாள், அது வழுக்கியது. இன்னொரு முறை எண்ணினார். கோட்டருகே நின்ற நாலைந்து பேர் கைதட்டிக் கூப்பிட்டார்கள், பிறகு புரிந்துகொண்டு அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கியில் நேரம் முடிந்ததாக அறிவித்தார்கள். யாரோ காற்றடிக்கிற மோட்டாரை அணைத்துவிட, அந்தச் சிவப்பு வளைவு மெல்ல இளைத்து, குனிந்து, தரையில் படுத்தது. அவர் ஏழில் நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா."

"அவங்களுக்கு முடிஞ்சிடுச்சு" என்றாள். கன்னத்து மண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எண்ணுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.