மூன்று முறை திருத்திய கடிதம்

பக்கத்துத் தெரு செல்வி நேற்று ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். "பையன வூட்லயே வச்சுப் படிக்கவைக்கப் போறேன்க்கா" என்றாள். ஏழாவது படிக்கிற பையன். மற்ற பாடங்களுக்குப் புத்தகம் முடிவாகிவிட்டதாம். எழுத்துப் பயிற்சிக்குத்தான் மூன்று பாடத்திட்டங்களின் மாதிரிப் பக்கங்களை எடுத்து வந்திருந்தாள். "நீங்க நூருக்கு சொல்லிக்குடுத்தவங்கதான, எது வாங்கலாம்?" ஜெராக்ஸ் தாளில் இன்னும் சூடு இருந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இதே சூட்டோடு தாள்கட்டு ஒன்றை நானும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் மகள் நூர் அப்போது ஆறாவது. அவளுக்குத் திக்கும். வாசிக்க எழுப்பினால் வகுப்பே சிரிக்கும். ஒருநாள் யூனிபாரத்தோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றோடு பள்ளிக்கூடம் போதும், வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். செய்தோம் என்றால், நானும் சவுதியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரும், போனில். நூருக்கு அவர் அத்தா.

போன் என்றதும் இன்னொன்று. நூர் அவரோடு போனில் பேசமாட்டாள். வார்த்தை மாட்டிக்கொள்ளும், அதற்குள் லைன் இழுக்கும், அவர் 'அலோ அலோ' என்பார். அதனால் எழுதுவாள். நோட்டின் பின்பக்கம், காலண்டர் தாள், எது கையில் கிடைத்தாலும். நான் படம் பிடித்து அனுப்புவேன். ஒற்றும் புள்ளியும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. அவர் அறையில் உள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாராம்.

எனக்கு எம்.ஏ. படித்த திமிர். அன்றும் என் முன்னால் மூன்று பாடத்திட்டங்கள் இருந்தன. ஒன்று, நல்ல பத்தியைப் பார்த்து எழுதச் சொன்னது. இன்னொன்று, பிள்ளை மனம்போல எழுதட்டும், திருத்தாதீர்கள் என்றது. சும்மா இருப்பதற்கு எதற்குப் புத்தகம் என்று தள்ளிவைத்தேன். மூன்றாவதில் கட்டம் கட்டமாக அட்டவணை. முதல் வரைவு, மூன்று திருத்தம், அப்புறம்தான் நல்ல பிரதி. டிக் அடிக்க இடமிருந்தால் நான் மயங்கிவிடுவேன். அதையே வாங்கினேன். வாங்கியதோடு விட்டேனா? அத்தாவுக்கு எழுதுவதையும் பாடமாக்கி, நல்ல பிரதி ஆகாமல் எதையும் அனுப்பக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

தினமும் போன கடிதம் வாரத்துக்கு ஒன்றானது. பிறகு மாதத்துக்கு ஒன்று.

"புள்ள எழுதறதே இல்லியா?" என்று கேட்டார் அவர்.

"எழுதத்தாங்க செய்யறா. திருத்திக்கிட்டு இருக்கா. முடிஞ்சதும் அனுப்புறேன்."

"தப்பா இருந்தா என்னம்மா, நான்தான படிக்கப்போறேன்?"

"கொஞ்சம் பொறுங்க. நல்லா வரட்டும்."

அப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது பீங்கான் பொம்மையைப் பற்றி. பொம்மைச் சூளைகள் உள்ள எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அச்சிலிருந்து எடுத்த பொம்மை சூளைக்குப் போய் வந்தால் கொஞ்சம் சிறுத்துவிடும். "அத்தா, நீங்களும் வெயில்ல நின்னு நின்னு சின்னதாயிடுவீங்களா, வரும்போது எனக்கு அடையாளம் தெரியுமா" என்று எழுதியிருந்தாள். தலைப்போடு ஒட்டவில்லை என்று அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தது நான்.

மூன்றாம் திருத்தம் மேசையில் இருந்தபோது அவரோடு அறையில் இருந்தவர் போனில் கூப்பிட்டார். வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நாங்கள் முகம்கூடப் பார்க்கவில்லை.

நான் வெளியே போகாமல் துக்கம் காத்து இத்தா இருந்த நாட்களில் நூர் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இ... இத இன்னும் திருத்தணுமாம்மா?" கோபத்தில் கேட்கவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது, அதனால் கேட்டாள். என்னைப் பெற்றவளையே அன்று சபித்தேன்.

இப்போது கல்லூரிக்குப் போகிறாள். திக்கல் பெரும்பாலும் போய்விட்டது, மளமளவென்று பேசுகிறாள். பரீட்சை எழுதுவாள், விண்ணப்பம் எழுதுவாள், ஒரு பிழை இருக்காது. சும்மா ஒரு வரி எழுதி மட்டும் அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. போன மாதம் மனம் கேட்காமல், அத்தாவைப் பற்றி ஏதாவது எழுதிவையேன் என்றேன்.

"எழுதி யாருக்கும்மா அனுப்புறது?" என்றாள்.