எழுத்து வராமல் உட்கார மாட்டேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருவனந்தபுரத்தில் திரைப்பட விழா நடந்தபோது நடந்தது இது. அந்த ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை. பள்ளியில் படிக்கும்போது வந்த காய்ச்சலில் எனக்குக் காது போய்விட்டது. பேச்சு வரும், பிறர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

விழாவில் ஒரு பழைய வெளிநாட்டுப் படம். புரட்சிக் காலத்துக் கதை, படம் நிறையப் பாட்டு. "உனக்கு எதுக்கு அந்தப் படம்? முழுசும் பாட்டாக்கும்" என்றார் கணவர். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாத்தனார் கேலி செய்தாள். அதற்காகவே கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கீழே ஆங்கிலத்தில் எழுத்து வருமே, எனக்கு அது போதும்.

படம் என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. ரொட்டி கிடைக்காத பெண்கள் பாடிக்கொண்டே அரண்மனை வாசலுக்கு வருகிறார்கள். துப்பாக்கியோடு வீரர்கள் நிற்கிறார்கள். சுடுவார்களா, வழி விடுவார்களா? அந்தப் பாட்டில்தான் முடிவாகப் போகிறது. சரியாக அப்போது எழுத்து நின்றுபோனது. திரை முழுக்க வெறும் வாய்கள் அசைந்தன. அரங்கமோ பாட்டில் சொக்கித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "எழுத்து இல்லை, படத்தை நிறுத்துங்க!" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. எல்லாத் தலைகளும் திரும்பின. முன்வரிசை இளைஞன் ஒருவன், "சேச்சி, இரிக்கூ! பாட்டல்லே!" என்று, பாட்டுதானே, உட்காருங்கள் என மலையாளத்தில் அதட்டியது திரை வெளிச்சத்தில் அவன் உதட்டில் தெரிந்தது. கணவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"எனிக்கு செவி கேள்க்கில்லா. எழுத்து வேணம்" என்றேன், காது கேட்காது என்று அவன் மொழியிலேயே.

அவன் முகம் மாறிவிட்டது. இங்கே படம் தகராறு செய்தால், சரிசெய்யும்வரை அரங்கமே 'ஓ'வென்று கூவும். அது இந்த ஊர் வழக்கம். ஆனால் முதலில் கூவியது அவனல்ல. கடையில் வாடிக்கையாளரிடம்கூடக் குரல் உயர்த்தாத என் கணவர் எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினார்! பிறகு அந்த இளைஞன், பிறகு எல்லோரும். நான் பிடித்திருந்த நாற்காலியின் முதுகு அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

படம் நின்றது. சரிசெய்து, பாட்டின் தொடக்கத்திலிருந்தே மறுபடி போட்டார்கள், எழுத்தோடு. 'உன் அம்மாவும் எங்களோடுதான் நிற்கிறாள், மகனே' என்று அந்தப் பெண்கள் வீரர்களைப் பார்த்துப் பாடினார்கள். துப்பாக்கிகள் மெல்லத் தாழ்ந்தன.

வெளியே வந்ததும் அந்த இளைஞன் என்னைத் தேடி வந்தான். செல்போனில் தட்டிக் காட்டினான்: 'சேச்சி, முதல்ல பாட்டை ரசிச்சேன், அவ்வளவுதான். என்ன பாடறாங்கன்னு ரெண்டாவது தடவைதான் எங்களுக்கும் தெரிஞ்சது.'

அன்றிலிருந்து வங்கியானாலும் மருத்துவமனையானாலும், எனக்கு வேண்டியதை நின்று கேட்டு வாங்குகிறேன். கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் யாரோ சிலருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்பது இப்போது எனக்குத் தெரியும்.