கேட்டில் கிடக்கும் போன்

அம்மாவின் போனில் அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண்ணாக என் எண்ணைப் போட்டுக்கொடுத்தது நான்தான். பூட்டியிருக்கும்போதே அந்த எண் தெரியும், பக்கத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா போய்விட்டார், எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. வேறு யார் எண்ணைப் போடுவது?

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். காலையில் எங்கள் போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். புது மாடலைப் படம் பிடித்து வெளியே அனுப்பிவிடுவோமாம்! வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசவே நேரமில்லாதவர்கள் யாருக்கு அனுப்பப்போகிறோம்? மாலையில் டோக்கனை நீட்டினால்தான் போன் கைக்கு வரும். தினமும் டோக்கன் வாங்குகிற எனக்கு, எண்ணைப் போட்டபோது அது உறைக்கவே இல்லை.

அன்று அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் வேலூருக்குக் கிளம்பியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டாள். அங்கே பூ விற்கிற ஒரு அம்மாதான் தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்.

எனக்கு எதுவும் தெரியாது. மாலையில் போனை வாங்கிப் பார்த்தால் அம்மாவின் எண்ணிலிருந்து வரிசையாக அழைப்புகள். பதறிப்போய்த் திருப்பி அடித்தேன். எடுத்தது அந்தப் பூக்காரம்மா.

"நீதான் பொண்ணா? காலைல இருந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேன்ற. இன்னாம்மா நீ? பெத்தவ இங்க குளுக்கோஸ் ஏத்திக்கினு படுத்துக்கினு இருக்கா."

கேட்டில் நின்றபடியே அழுதுவிட்டேன். சர்க்கரை ரொம்ப இறங்கிப்போயிருந்தது, கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நான் போய்ச் சேரும்வரை அந்த அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டேன். "வீட்டுல ஆபீஸ் நம்பரைக் குடும்மா, போன் வந்தா சொல்லி அனுப்புறோம்" என்றார். அதையும் அம்மாவின் போனில் போட்டேன். சும்மா ஒருமுறை அடித்துப்பார் என்றேன். அடித்திருக்கிறாள். உங்க பொண்ணு எந்தத் தையல் லைன், எந்த ஷிப்டு என்று கேட்டார்களாம். அவள் முழித்ததும் வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் அம்மா இளைக்கத் தொடங்கினாள். ஓயாமல் தண்ணீர் குடித்தாள், கண் மங்குகிறது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாத்திரை டப்பாவைத் திறந்தேன். எப்போதோ தீர்ந்திருக்கவேண்டிய அட்டைகள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன.

"உயிரோட விளையாடறியாம்மா?" என்று கத்தினேன்.

அம்மா என் கையிலிருந்து அட்டையை மெதுவாக வாங்கி, அன்றைய மாத்திரையைப் பிரித்தாள்.

"மாத்திரை போட்டாதானே மயக்கம் வருது. நீ கம்பெனில இருக்கசொல்ல நான் விழுந்தா, உனக்கு எப்படித் தெரியும்? ஞாயித்துக்கிழமைன்னா போன் உன் கைலயே இருக்குது. அன்னிக்கு மட்டும் தவறாம போட்டுக்கறேன்டி."